மாடிப்படியில் விழாத சாலோமி

பாளையங்கோட்டை,
பிப்ரவரி 9.

அன்பு மகள் ரீபாவுக்கு அம்மா எழுதுகிறேன். நீயும் ஜெய்சன் மாப்பிள்ளையும் ஜெமிமாக் குட்டியும் கர்த்தருடைய கிருபையில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, என் முழங்கால் வழக்கம்போலத்தான், ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, உடன்குடியிலிருந்து வந்த கருப்பட்டியில் உனக்கு இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் போனில் வாய் ஓயாமல் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீயும் அம்மா பாவம் என்று விட்டுவிடுவாய். விடக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் வாசித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

கிறிஸ்துமஸுக்கு ஜெமிமாவுக்கு இந்தத் தடவை ஏன் ரெடிமேட் கவுன் வந்தது, சாலோமி அக்கா தைக்கவில்லையா என்று கேட்டாய். அவளுக்குத் தையல் வேலை அதிகம், நேரமில்லை என்று சொன்னேன். பச்சைப் பொய். ஆகஸ்டு மாதத்திலிருந்து அவள் யாருக்கும் ஒரு ஜாக்கெட்கூட வெட்டவில்லை. வலது மணிக்கட்டு முறிந்து உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள், கட்டைவிரல் மடங்கவில்லை, கத்திரிக்கோல் பிடிக்க முடியவில்லை. உன்னிடம் எல்லாரும் சொன்ன மாதிரி அவள் மாடிப்படியில் வழுக்கி விழவில்லை. உன் தம்பி ஜாபேஸ் பைக்கில் இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் வந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் டவுணில் துணி எடுத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்திருக்கிறாள். இவன் வீட்டுக்கு வந்து, எம்மா ஒரு பொம்பளையை இடிச்சிட்டேன், உசிர் இருக்கா என்னன்னு தெரியலை என்றான். நானும் அப்பாவும் ஆட்டோ பிடித்து அங்கே போனோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் படுத்திருக்கிறது சாலோமி. என்னிடம் ஓய்வுநாள் பள்ளியில் படித்த பிள்ளை. என்னைக் கண்டதும், டீச்சர் நீங்க வந்துட்டீங்களா என்று தேம்பி அழுதாள். தன்னைப் பார்க்கத்தான் ஓடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள், ரீபா. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே காதில் என்ன சொன்னேன் தெரியுமா? இடித்தது ஜாபேஸ், போலீஸ் கேஸ் ஆனால் ரீபா வெளிநாட்டுக்கு அவனைக் கூப்பிடுவதற்குப் போட்டிருக்கிற விசா பேப்பர் எல்லாம் நின்றுபோகும், மாடிப்படியில் விழுந்தேன்னு சொல்லுட்டி, உன் காலைப் பிடிக்கிறேன் என்றேன். வலியில் கிடந்தவளிடம்! அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் வந்து எப்படி அடிபட்டது என்று கேட்டாள். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று சொன்னது நான்தான். சாலோமி தலையை மட்டும் ஆட்டினாள்.

இதற்கு மேல் செய்ததுதான் உன்னிடம் சொல்லக் கூசுகிறது. நீ அங்கே ஹாமில்டனில் தப்பு செய்தவர்களையும் அடிபட்டவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுகிற கூட்டங்களுக்கு உதவிக்குப் போகிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா. எம்மா, அடிபட்டவங்க முதல்ல பேசணும், அவங்களுக்கு என்ன வேணும்னு கேக்கணும், யாரையும் மன்னிக்கச் சொல்லி நெருக்கக்கூடாது, அது கோர்ட்டுக்குப் பதில் இல்லை, கோர்ட்டோட சேர்ந்தும் நடக்கும் என்றெல்லாம் விலாவாரியாகச் சொன்னாய். நான் என் வசதிக்கு ஏற்றதை மட்டும் காதில் வாங்கினேன், போலீஸுக்குப் போகாமல் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மாதம் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, ஆயத்த ஆராதனை முடிந்த கையோடு அவளை நம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். மனதில் பகை வைத்துக்கொண்டு அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்குப் போகக்கூடாது என்று அவளுக்குச் சின்னப் பிள்ளையிலேயே சொல்லிக்கொடுத்தவள் நான்தானே, அந்தப் பாடத்தையே அவள் கழுத்தில் கட்டினேன். நம் வீட்டு ஹாலில் நம் ஆட்கள் எட்டுப் பேர், சபை ஐயரும் இருந்தார், அவள் கையைக் கழுத்தோடு துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக ஓரத்து நாற்காலியில். அல்வாவும் காப்பியும் கொடுத்தேன். ஜாபேஸ் எழுந்து, அக்கா மன்னிச்சிருங்க என்றான், அவள் மன்னிச்சிட்டேன் என்றாள், ஐயர் ஜெபம் பண்ணினார், எல்லாம் இருபது நிமிஷம். அவள் இடது கையால் காப்பி டம்ளரைத் தூக்கச் சிரமப்பட்டதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். மறுநாள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் முழங்கால்படியிட்டதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு.

ஜனவரியில் பெண்கள் கூடுகையில்தான் எனக்கு உறைத்தது. சாலோமி கேக் தட்டைக் கைதவறி விட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி, ஏட்டி உனக்குக் கண்ணு பொடதியிலயா இருக்கு, மாடிப்படியிலயும் இப்படித்தான் உருண்டியோ என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ரீபா. சிரித்துவிட்டு நிமிர்ந்தால் அவள் என்னைப் பார்க்கிறாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். ஐந்து மாதமாக, பார்த்து இறங்கப்படாதா, செருப்பு சரியில்லையா என்று ஊரெல்லாம் அவளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறது, அவள் அத்தனைக்கும் தலையை ஆட்டியிருக்கிறாள்.

மறுநாள் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். அவளும் மகளும் மட்டும் இருக்கிற அந்த ஒற்றை அறையில் தையல் மிஷினை உறை போட்டு மூடி வைத்திருந்தாள். நான் அழ ஆரம்பித்தேன். அவள் ஃபேனைப் போட்டுவிட்டு, இப்போ எதுக்கு வந்தீங்க டீச்சர், இன்னொரு தடவை மன்னிக்கணுமா என்றாள். எனக்குத் தேவைதான். அப்புறம் பைய அவளே சொன்னாள், நான் விழல டீச்சர், என்னை இடிச்சாங்க, இந்த ஒரு சொல்லை யாரும் என் வாயிலிருந்து கேக்கலை, அன்னைக்கு உங்க வீட்டுல எட்டுப் பேர் இருந்தீங்களே, எப்படிட்டி நடந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டீங்களா என்றாள். என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டேன். நீங்க குடுத்துவிடுத சூப்பும் வேண்டாம் ஒத்தாசையும் வேண்டாம், அவன் இங்கன வந்து நான் சொல்லுததைக் கேக்கணும், பெறகு ஸ்டேஷன்ல போய் அவன் வாயால உண்மையைச் சொல்லணும், சபையிலயும் சொல்லணும் என்றாள்.

ஜாபேஸிடம் சொன்னேன். மாட்டேன் என்று குதித்தான், இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் அவனாகவே சட்டையைப் போட்டுக்கொண்டு வா எம்மா என்றான். அந்த அறையில் ஸ்டூலில் உட்கார்ந்தான், நான் வாசலில் நின்றேன். அவள் ஒரு மணி நேரம் பேசினாள். கீழே கிடந்தபோது பைக் கொஞ்ச தூரத்தில் நின்றதையும், அவன் திரும்பிப் பார்த்ததையும், தம்பி தூக்கி விடுங்கன்னு நான் கூப்பிட்டேன், உனக்குக் கேட்டுச்சு, கேட்டுட்டுத்தான் போன என்றும் சொன்னாள். இவன் எங்களிடம் நின்றதையே சொல்லவில்லை. குலுங்கி அழுதான். அழுகையை நிப்பாட்டிட்டுக் கேளு, நீ அழுதா நான் உன்னைத் தேத்தணும், எனக்கு அதுக்குத் தெம்பு இல்லை என்றாள். கேட்டுச்சுக்கா, பயந்து ஓடிட்டேன் என்று கடைசியில் ஒத்துக்கொண்டான். எல்லாம் முடிந்து எழுந்தபோது என் பக்கம் திரும்பி, அன்னைக்கு மன்னிச்சிட்டேன்னு சொன்னது நீங்க கேட்டதுக்காகச் சொன்னது, அதைத் திருப்பி எடுத்துக்கிடுதேன் டீச்சர் என்றாள். எடுத்துக்கோம்மா என்றேன்.

போன திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போனோம். அவன் எழுதிக் கொடுத்தான், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது நான் என்று நானும் சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டார்கள். கேஸ் போட்டிருக்கிறார்கள், ஜாமீனில் வந்திருக்கிறான், இனி கோர்ட்டு சொல்கிறபடிதான். நேற்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் அனுமதி வாங்கிச் சபைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். சாலோமி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள், முடிந்ததும் எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியில் நாலைந்து பேர் அவளை நிறுத்தி விசாரித்தார்கள், அவள் கையை உயர்த்திக் காட்டி இடித்த விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாதான் கோயிலுக்கே வரவில்லை. ஏளா, பெத்த பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்துட்டியே என்றார் ஒரே ஒரு தடவை, அதற்கப்புறம் என்னோடு பேச்சே இல்லை, சோற்றை மட்டும் வாங்கிச் சாப்பிடுகிறார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு ஆட்டோவில் வரும்போதே உண்மையைச் சொல்லிவிடுவோமா என்று அவர்தான் முதலில் கேட்டார், நான்தான் வாயை மூடச் சொன்னேன்.

அதனால் ஜாபேஸுக்காக நீ போட்டிருக்கிற பேப்பர்களைத் திருப்பி வாங்கிவிடு. தெரியாமல் கையெழுத்துப் போட்டதற்கு உன்னை யாராவது ஏதாவது கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. உன் வேலையின் பேரைச் சொல்லியே உனக்கு இந்தத் துரோகத்தைச் செய்திருக்கிறேன், திட்ட வேண்டுமானால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குக் குளிரில் காதை மூடிக் கூட்டிக்கொண்டு போ, மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம் செட்டைகளுக்குள் வைத்துக் காப்பாராக, உங்கள் வாயில் எப்போதும் உண்மையைத் தருவாராக.

ஒன்று மறக்காதே. நீ லீவில் வரும்போது சாலோமியைப் பார்க்கப் போவாய், எனக்குத் தெரியும். எங்களுக்காக அவளிடம் பேசாதே, மன்னிப்பு என்ற சொல்லையே எடுக்காதே. எப்படி நடந்துச்சுக்கா என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை பேசாமல் உட்கார்ந்திரு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் தலையைத் தடவிக்கொண்டே நான் கேட்காமல் விட்டது அதுதான்.

உன் அம்மா,
சாரம்மாள் சத்தியநேசன்.