கல்வெட்டில் ஓர் ஐஸ் ஹொக்கிப் பருவம்

என்றும் என் அன்புக்குரிய அண்ணா,

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. நாளை முப்பத்தோராம் நாள். வருகிறவர்கள் கையில் உங்கள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் கொடுப்போம். இந்தச் சுவிஸ் நொஷாட்டலில் தமிழ் அச்சகம் ஏது? பதினாறு பக்கமும் என் கையெழுத்து, பிறகு போட்டோப் பிரதி.

தேவாரம், வம்சாவளி, பிறகு ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு புலம்பல். கல்வெட்டின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். தங்கை புலம்பலைச் சித்தப்பாவே பாட்டாகக் கட்டிக்கொண்டு வந்தார். அதில் நான் கொழுகொம்பு இல்லாத கொடியாகத் துவண்டு கிடக்கிறேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன பிள்ளை, எதுகை பிழைச்சுப் போச்சோ?"

"எதுகை சரி சித்தப்பா. ஆள்தான் நானில்லை. இந்தப் பக்கத்திலை அண்ணை எழுதினதைப் போடப்போறன்."

நீங்கள் எழுதிவைத்த கொப்பியை நீட்டினேன். உணவகத்தில் கோப்பை கழுவி, திங்கட்கிழமை லீவில் நூலகத்துக்குப் போய், பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளில் நீங்கள் தேடியது ஒரே ஒரு குளிர்காலத்தை: இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இந்த நாட்டில் நடந்த ஐஸ் ஹொக்கிப் பருவம். எல்லைக் காவலுக்குப் போன ஆட்டக்காரர்கள் லீவு கேட்டு ஆட வந்ததையும், கோல் காப்பவர் வராமல் ஓர் ஆட்டம் தள்ளிப்போனதையும் வாரவாரமாக எழுதியிருந்தீர்கள். காலில் போட்டு ஐஸில் வழுக்கி ஓடும் சப்பாத்துக்குத் தமிழ் கிடைக்காமல் 'கத்திச் சப்பாத்து' என்று போட்டிருந்தீர்கள்.

"கல்வெட்டிலை விளையாட்டோ? ஊரிலை சனம் சாகேக்கை இவன் ஐஸிலை ஆர் வெண்டது எண்டு பாத்துக்கொண்டு இருந்தவன் எண்டு எழுதிறதோ?"

"ஓம். அதைத்தான் எழுதிறது."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இல்லாட்டி வம்சாவளியையும் நீங்களே எழுதுங்கோ."

பேனையை அவர் முன்னால் வைத்தேன். அவருடைய கையெழுத்து அவருக்கே இரண்டு தரம் வாசித்தால்தான் விளங்கும். கொப்பியைப் புரட்டினார். "கத்திச் சப்பாத்தோ..." என்று வாய்க்குள் சிரித்தார். "ஒரு பக்கம்தான். கூடப் போகப்படாது."

ஏன் இது என்று நானும் ஒருமுறை கேட்டேனே. "சண்டை துவங்கினாப் பிறகும் ஆக்கள் ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்தவை எண்டு அறியவேணும்," என்றீர்கள். எனக்கு அது வேடிக்கையாகப்பட்டது. ஊரில் எங்கள் மைதானத்தில் இராணுவம் கூடாரம் அடித்த நாளிலிருந்து நீங்கள் கிரிக்கெட் மட்டையைத் தொடவில்லை என்பது ஏன் அப்போது எனக்கு நினைவில் வரவில்லை?

இப்போது தெரிகிறது அண்ணா. விளையாட்டை நிறுத்தும் உரிமையும் தங்களுக்கே என்று நினைக்கிறவர்களுக்கு, நீங்கள் பதில் தேடியிருக்கிறீர்கள். அந்தப் பதிலை ஒப்பாரிக்குள் புதைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் எழுத்து அந்தப் பருவத்தின் ஜனவரி நடுவில் நின்றுவிட்டது. "முடிவில்லாமல் போடுறதோ? ஆரையும் கேட்டு, வெண்டது ஆர் எண்டு ஒரு வரி சேர்," என்றார் சித்தப்பா. சேர்க்கவில்லை. நீங்கள் விட்ட இடத்திலேயே விட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கல்வெட்டு அட்டையின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அவர் நாளைக்குத்தான் பார்ப்பார்.

வருகிற திங்கட்கிழமை நான் நூலகத்துக்குப் போவேன். ஒரு வாரத்தையும் தாண்டாமல் கடைசி ஆட்டம்வரை வாசித்து, இதே கொப்பியில் எழுதுவேன். அதுவரை வென்றது யாரென்று எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.

உங்களோடு பிறந்தவள்,
வதனி