அரைக்கால் அங்குலம்

3.6.2025, செவ்வாய்

காலையில் மோட்டார் ஓடவில்லை. தொட்டியில் இருந்த தண்ணீரில் சமையலை முடித்தேன். பதினொரு மணிக்கு ஜெயகிருஷ்ணன் வாட்ஸ்அப்பில் ரிசல்ட் அனுப்பினார்.

இரும்புலியூர் தையல் வகுப்பு. தேர்வுக்கு உட்கார்ந்தவர்கள் பதினொரு பெண்கள். தேறியவர்கள் இரண்டு பேர். மற்ற ஒன்பது பெயருக்கு எதிரிலும் ஒரே வாசகம்: தகுதி இல்லை.

நான்கு மாதம் அந்தப் பெண்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடி ஓடி வந்தார்கள். தேறினால் ஆளுக்கு ஒரு மோட்டார் வைத்த மிஷின் என்று வகுப்பை நடத்தும் டிரஸ்ட் சொல்லியிருந்தது. தேறாதவர்களுடையது மாதக் கடைசியில் கூடுவாஞ்சேரி வகுப்புக்குப் போய்விடுமாம். செயலாளர் ஜெயகிருஷ்ணனிடம் போனில் கேட்டேன். "சீரியஸா எடுத்துக்கல மேடம், வேற என்ன சொல்றது" என்றார்.

ஒன்பதில் சரசுவும் இருக்கிறாள். மார்க்கெட்டில் மீன் விற்றவள். முட்டி தேய்ந்துபோய் நிற்கவும் முடியவில்லை, மிதிக்கவும் முடியாது. மோட்டார் மிஷின் ஒன்றுதான் அவளுக்கு வழி. அவளா சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை?

முப்பத்திரண்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எட்டு மார்க் வாங்கிய பிள்ளையின் தாளில்கூட 'தகுதி இல்லை' என்று எழுதியதில்லை.

தேர்வு முழுக்கப் புத்தகத்தைப் பார்த்துத் தைப்பதுதான். பிப்ரவரியில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து நல்லது என்று சொன்னதே நான்தான். நல்ல புத்தகம். பிறகு எப்படி?

4.6.2025, புதன்

ரசத்தில் இரண்டு தரம் உப்பு போட்டிருக்கிறேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஜெயகிருஷ்ணன் மேல கோவம்னா அவருக்கு ரசம் வச்சுக் குடு" என்றார்.

6.6.2025, வெள்ளி

செம்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து, தேர்வு நடந்த ஹாலுக்குப் போனேன். தேர்வில் தைத்த ரவிக்கைகளை ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தார்கள். எனக்குத் தையல் தெரியாது. ஆனாலும் கண்ணில் பட்டது. ஒன்பதிலும் கழுத்து அகலம். போட்டால் தோளில் நிற்காது, நழுவிவிடும். ஒன்பதிலும் அதே தப்பு. கை, பக்கத் தையல், ஹூக் எல்லாம் ஒழுங்கு.

"பாத்தீங்களா மேடம், ஒருத்திய பாத்து ஒருத்தி காப்பி" என்றார் ஜெயகிருஷ்ணன்.

காப்பியடித்த தாள்களை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். காப்பியடித்தால் எழுத்துப்பிழை உட்பட எல்லாம் ஒன்றாக இருக்கும். இங்கே ஒரு ரவிக்கையின் ஹூக் ஒரு மாதிரி, இன்னொன்றின் மடிப்பு வேறு மாதிரி. கழுத்து மட்டும் ஒன்று. வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஒரே கேள்விக்கு ஒரே தப்பான விடை எழுதினால் நான் பிள்ளைகளைத் திட்டமாட்டேன். கேள்வித்தாளை எடுத்து மறுபடி படிப்பேன்.

அதை அவரிடம் சொன்னேன். "புக்க நீங்கதான மேடம் ஓகே பண்ணீங்க" என்றார்.

ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

7.6.2025, சனி

புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. அச்சுப்பிழைகூட இல்லை. தெளிவான தமிழ். எரிச்சலாக இருக்கிறது.

படித்தால் தெரியாது போலிருக்கிறது. தைத்துப் பார்க்க வேண்டும்.

9.6.2025, திங்கள்

கீழ் வீட்டு மிஷினில் இரண்டு நாள். பழைய புடவையில் வெட்டினேன். யாரையும் கேட்பதில்லை, புத்தகம் சொன்னதை மட்டும் செய்வது என்று வைத்துக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்க மட்டும் இவர்.

பக்கம் பதினான்கு வரை சரி. பக்கம் பதினைந்தில், 'கைகளை வழக்கம்போல் பொருத்தவும்.'

வழக்கம்போலா? யாருடைய வழக்கம்? அட்டையில் சிவப்பு எழுத்தில் 'தொடங்குவோர்க்கு' என்று போட்டிருக்கிறதே. தொடங்குகிறவளுக்கு வழக்கம் எங்கிருந்து வரும்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 'வழக்கம்போல் ஆனா எழுது' என்று சொல்வேனா?

இன்னொரு பக்கத்தில் 'தேவையான இடத்தில் பிடித்துத் தைக்கவும்'. தேவையான இடம் எது என்று தெரிந்தவளுக்குப் புத்தகம் எதற்கு? படங்களும் அப்படியே. முதல் படத்தில் தட்டையான துணி, அடுத்த படத்தில் முழு ரவிக்கை. நடுவில் நடந்தது எல்லாம் எங்கே போயிற்று?

இரண்டு தரம் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். என் கைகள் இடம் மாறிவிட்டன. முன்பக்கம் வரவேண்டிய வளைவு பின்பக்கம் போய், போட்டால் தோளில் கொக்கி போட்டு இழுக்கிறது. இவர் பார்த்துவிட்டு, "திரும்பி நின்னா சரியா இருக்குமோ" என்றார். சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஒன்று. என் கழுத்து சரியாக வந்திருக்கிறது.

தையலே தெரியாத எனக்குக் கழுத்து வந்து கை வரவில்லை. நான்கு மாதம் படித்தவர்களுக்குக் கை வந்து கழுத்து வரவில்லை. எனக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாதது அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

10.6.2025, செவ்வாய்

சரசு வீட்டுக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள், முட்டிக்காக.

புத்தகத்தில் கழுத்துப் பக்கத்தைத் திறந்து, "இந்த வரிய படிச்சு என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

விரல் வைத்துப் படித்தாள். "கழுத்து ஓரத்தில் அரைக்கால் அங்குலம் விட்டுத் தைக்கவும்." பிறகு என்னைப் பார்த்தாள். "அரையும் காலும் முக்காலு. முக்கா இன்ச்சு வுட்டு தச்சேன். இது கூடவா தெரியாது டீச்சர்?"

அரைக்கால். காலில் பாதி. எட்டில் ஒரு பங்கு.

பழைய கணக்குச் சொல். எனக்கு அது மூச்சு விடுவது போல. இவர்களுக்கு? அரையும் காலும் முக்கால். வேறு எப்படிப் படிப்பார்கள்? இதுவரை கேட்டதெல்லாம் அரைக்கால் சட்டைதானே. சுற்றிலும் முக்கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால் கழுத்து அகலாமல் என்ன செய்யும்?

சொன்னேன். எட்டில் ஒரு பங்கு என்றால் டேப்பில் ஒரு சின்னக் கோடு என்று விரலால் காட்டினேன்.

"அட அது ஒரு நூலு" என்றாள். "டெய்லருங்க, ஆசாரிங்க எல்லாம் நூலுன்னுதான் சொல்வாங்கோ. ஒரு நூலுன்னு போட்டா இன்னா கொறஞ்சா பூடுவான்?"

"வகுப்பு எடுத்த ரோஸி எவ்வளவு விடச் சொன்னாங்க?"

"ரோஸிக்கா ஒரு நூலுதான் சொல்லும். எனக்கு தெரியும் டீச்சர். தைக்க சொல்லோவே தெரியும், இது நழுவும்னு. ஆனா புக்குல கீற மாதிரிதான் தைக்கணும், உங்க இஷ்டத்துக்கு தச்சா மார்க் இல்லன்னு சார் கண்டிசனா சொல்லிகினு இருந்தாரு. படிச்சவங்க பாத்து குடுத்த புக்காச்சே. அதான் தெரிஞ்சே தப்பா தச்சேன்."

படிச்சவங்க பாத்து குடுத்த புக்கு.

தேறிய அந்த இருவரும் தையல் கடையில் முன்பே வேலை பார்த்தவர்களாம். புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம். இதையும் சரசுதான் சொன்னாள், காபி ஆற்றிக்கொண்டே.

11.6.2025, புதன்

பிப்ரவரியில் நான் கொடுத்த குறிப்பின் நகலைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து. 'எளிய, இனிய தமிழ். அரைக்கால் அங்குலம் போன்ற நல்ல சொற்களை ஆண்டிருப்பது பாராட்டத்தக்கது. நம் பெண்களுக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.'

பாராட்டத்தக்கதாம்.

எவ்வளவு நேரம் பார்த்தேன்? அரை மணி இருக்குமா? ஊசி பிடிக்கத் தெரியாதவள் ஒரு தையல் புத்தகத்தை எளிது என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன், வாக்கியம் நன்றாக இருந்ததால். ஒருத்தியைக் கூப்பிட்டு ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்டிருக்கலாம். ஆறாம் வகுப்புப் பாடத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளையை விட்டுத்தானே படிக்கச் சொல்லிப் பார்ப்போம். இது தெரியாதவளா நான்?

எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

13.6.2025, வெள்ளி

ரோஸியைக் கூட்டிக்கொண்டு ஜெயகிருஷ்ணனிடம் போனேன். ரோஸி இரும்புலியூரில் கடை வைத்திருக்கிறவள், நல்ல தையல்காரி. அவளைத் தேர்வு ஹாலுக்குள் விடவில்லை. "நான் அந்த புக்க பிரிச்சதே இல்ல சார், கையில செஞ்சு காட்டித்தான் சொல்லிக்குடுத்தேன். அரைக்காலுன்னா எனக்கே தெரியாது" என்றாள்.

அவர் அதிகம் வாதாடவில்லை. கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார். வாசலுக்கு வந்து, "நாப்பது காப்பி வாங்கிட்டோம் மேடம், கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்றார், மெதுவாக.

20.6.2025, வெள்ளி

கமிட்டி முடிந்தது. ஒன்பது பேருக்கும் கருணை மதிப்பெண் போட்டுத் தேர்ச்சி. எல்லோருக்கும் மிஷின் உண்டு. ஒரு வாரமாக இறங்காத சோறு இன்று இறங்கியது. ஜெயகிருஷ்ணனைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேனோ?

21.6.2025, சனி

சரசு கையெழுத்துப் போடவில்லை.

எட்டுப் பேர் சான்றிதழையும் மிஷினையும் வாங்கிக்கொண்டார்கள். இவள் சான்றிதழைப் படித்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டாளாம். அதில் 'கருணை மதிப்பெண்ணுடன் தேர்ச்சி' என்று அச்சடித்திருக்கிறது. ரோஸி போன் செய்து சொன்னதும் ஓடினேன்.

"சரசு, பரீட்சையில எல்லா இடத்துலயும் போடறதுதான். நானே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன்."

"யாருக்கு போட்டீங்கோ? தெரியாத புள்ளைக்கா, தெரிஞ்ச புள்ளைக்கா?"

மேசையிலிருந்த சான்றிதழை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இந்த பேப்பர செவுத்துல மாட்டிதான் நான் தொழில் பண்ணணும். துணி குடுக்க வர்றவங்கோ படிப்பாங்கோ. பாவம் பாத்து பாஸ் பண்ணாங்கன்னு கீது. எவ குடுப்பா எனக்கு ஜாக்கெட்டு துணி? தப்பு அவுங்க புக்குல. கருணை எனக்கா?"

"முப்பதாம் தேதிக்கு மேல மிஷின் போயிடும்மா."

"போவட்டும்."

போகட்டும் என்று சொன்னபோது மிஷின் இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

24.6.2025, செவ்வாய்

ஜெயகிருஷ்ணன் சொல்கிறார்: "ஒரு வார்த்த தான மேடம். அதுக்குப் போய் அந்தம்மா அடம் புடிக்கலாமா?"

ஒரு வார்த்தைதான். ஒன்பது பேர் தோற்றதும் ஒரு வார்த்தையால்தான் என்றேன்.

பொதுத் தேர்வில் கேள்வி தப்பு என்றால் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறார்கள். அதற்குக் கருணை என்றா பெயர்? அது பாக்கியைத் தீர்ப்பது. தெரியாத பிள்ளையைத் தூக்கி விடுவதற்குக் கருணை சரி. தெரிந்தவளைத் தள்ளிவிட்டு, பிறகு கை கொடுத்துத் தூக்கி, அதற்கும் கருணை என்று சீட்டு கொடுப்பார்களா? இதில் நானும் முந்தாநாள் சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கிறேன்—

முந்தாநாள் இல்லை, வெள்ளிக்கிழமை. நாள்கூடச் சரியாக வரவில்லை.

26.6.2025, வியாழன்

கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். நான்கு முறை கிழித்தேன். 'அனுபவமின்மையால் நேர்ந்த சிறு குறை' என்று ஒரு தடவை எழுதி, அதைப் படித்துவிட்டு நானே சிவப்பு மையால் அடித்தேன். கடைசியில் எழுதியது: 'இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைத்தது நான். எனக்குத் தையல் தெரியாது. தெரியாமல் பரிந்துரைத்தது தவறு. தேர்வில் இந்தப் பெண்கள் செய்தது, எழுதியிருந்ததைத் தங்களுக்குத் தெரிந்த பொருளில் படித்ததுதான். என் பிப்ரவரிக் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். இந்தப் புத்தகம் தொடங்குவோர்க்கு ஏற்றதல்ல.'

இவர் படித்தார். "உன் பேரு ஃபைல்ல அப்பிடியே நிக்குமே" என்றார்.

நிற்கட்டும். அவர்கள் பெயர் நிற்கவில்லையா?

28.6.2025, சனி

கமிட்டியில் ஆறு பேர். கடிதத்தை நானே வாசித்தேன். ஒருவர், "மேடம் ரொம்ப எமோஷனலா எடுத்துக்கறாங்க" என்றார். வகுப்பில் பின்வரிசையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தேன்.

டேப்பை எடுத்து மேசையில் போட்டேன். அரைக்கால் அங்குலத்தைக் காட்டுங்கள் என்று அந்த ஆறு பேரையும் கேட்டேன். மூன்று பேர் முக்காலில் விரல் வைத்தார்கள். இருவர் அரையில். ஜெயகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒன்பது சான்றிதழையும் புதிதாக அடிக்க ஒப்புக்கொண்டார்கள். 'தேர்ச்சி' என்று மட்டும். புத்தகத்தைப் பற்றி எதுவும் எழுதித் தரமாட்டார்களாம், அது 'உள் விஷயமாம்'. கூடுவாஞ்சேரிக்கும் இதே புத்தகம்தான் போகிறது, 'அரைக்கால்' வரிக்கு மட்டும் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டி. 'வழக்கம்போல்' அப்படியே இருக்கும். கேட்டால், "ஒவ்வொண்ணா பாக்கலாம் மேடம்."

பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார்கள் என்று அர்த்தம். அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.

30.6.2025, திங்கள்

சரசு கையெழுத்துப் போட்டாள். சான்றிதழை இரண்டு முறை படித்த பிறகு. எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரிந்திருக்காது.

19.8.2025, செவ்வாய்

ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு சரசு வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணிடம், "போன வாரமே சொன்னேன் இல்ல, வெள்ளிக்கெழம தான்னு. முன்னாடி குடுத்தவங்க கீறாங்க" என்று கறாராகப் பேசிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தாள். "கொஞ்சம் குந்துங்க டீச்சர். இந்தம்மாது முடிச்சுட்டு, அவங்க ரெண்டு பேருக்கு அளவு எடுத்துட்டு வரேன்."

பெஞ்சில் நான்காவதாக உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.