பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம்

ஜனவரி 8, புதன்

தலைமையாசிரியை அம்மா கூப்பிட்டு அனுப்பினார். போனதும் உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதியாக இருக்காது.

"பதினஞ்சு பேராவது சேரணும் டீச்சர். இல்லேன்னா வர்ற வருஷம் பதினொண்ணாம் வகுப்புல வரலாற்றுப் பிரிவே கிடையாது. மேலிடத்து உத்தரவு. என் கையில ஒண்ணும் இல்ல."

இப்போது பதினொன்றில் இருக்கும் ஏழு பேருக்கு மட்டும் அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு எடுக்கலாமாம். பத்தாம் வகுப்பைப் புவியியல் டீச்சர் சேர்த்துப் பார்த்துக்கொள்வாராம். மீதி நேரத்துக்கு எனக்கு நூலகம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதுகூட அவருக்கே தெரியவில்லை.

ஆசிரியர் அறைக்குத் திரும்பினால், அதற்குள் விஷயம் தெரிந்திருக்கிறது. கணக்கு சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க பாடத்துல எல்லாருமே செத்துப் போனவங்க. பாடம் மட்டும் எதுக்கு டீச்சர் உயிரோட இருக்கணும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

ஒரே பாடவேளையில் ஏழு முறை "இது வருமா டீச்சர்?" தேர்வுக்கு வருமா என்று அர்த்தம். வராது என்றால் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

அலமாரியை ஒழிக்கும்போது என்னுடைய பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் கிடைத்தது. பக்கத்து ஓரமெல்லாம் பென்சிலில் கிறுக்கல். 'பொய்!' 'இவன் அம்மா என்ன சொன்னாள்?' 'அந்தக் குதிரை என்ன ஆனது?'

குதிரை என்ன ஆனது என்று யாரைக் கேட்க இருந்தேன்? எங்களுக்கு வாய்த்த ஆசிரியர் புத்தகத்தை மூடாமல் வாசித்து முடிப்பவர். ஆனாலும் எனக்குள் கேள்வி ஊறிக்கொண்டே இருந்தது. புத்தகம் கையில் வந்த அன்றே, ஈரத் தலையோடு உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படித்தவள் நான். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழாமல் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைத் தேடுகிறேன். வருடாவருடம் ஜூன் மாதம் வகுப்புக்குள் நுழையும்போது முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். பதினெட்டு வருடமாக அவள் வரவே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு கசக்கிறது, வேறென்ன சொல்ல. ஏக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

பத்தாம் வகுப்பில் துறைமுக வேலைநிறுத்தப் பாடம். வழக்கம்போல என் பழைய நோட்டைப் பார்த்துக் குறிப்பு சொன்னேன். 'இவ்வேலைநிறுத்தம் பத்தொன்பது நாட்கள் நீடித்தது. இறுதியில் கூலி உயர்வு கிடைத்தது.' கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை. கொட்டாவி! உண்மைப் பெயர் வேறு. எந்த வகுப்பிலும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதால் ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்த பெயர் அது.

"டீச்சர், புத்தகத்துல கட்டத்துக்குள்ள பொடி எழுத்துல ஜனவரி ஆறாந்தேதி ஆரம்பிச்சு ஏப்ரல் ஆறாந்தேதி முடிஞ்சதுன்னு போட்டிருக்கு. அப்ப பத்தொன்பது நாள் எப்படி வரும்?"

"தூங்கி எழுந்ததும் கேள்வி வேறயா? நோட்ஸ்ல இருக்கறத எழுது, போதும்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். பென்சிலால் ஏதோ எழுதியிருந்தாள் போல, ரப்பரை எடுத்து அழித்தாள்.

காலையிலிருந்து தலைமையாசிரியை அம்மா இரண்டு முறை "எத்தனை பேர் தேறும்?" என்று கேட்டிருந்தார். அந்த எரிச்சல். ஆனால் அதற்காக?

ஜனவரி 22, புதன்

விடிந்ததும் எண்ணினேன். கை முட்டிகளை வைத்து, மாதத்துக்கு முப்பதா முப்பத்தொன்றா என்று பார்த்துப் பார்த்து எண்ணினேன். இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பத்தொன்று, ஆறு.

தொண்ணூற்றொன்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நோட்டில் எழுதும்போது 91ஐ 19 என்று திருப்பிப் போட்டிருக்கிறேன். நான் செய்த பிழை. அதைப் பதினெட்டு வருடம் சொல்லி, எழுத வைத்து, அரையாண்டுத் தேர்வில் கேட்டு, சரி போட்டு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளை சரியான விடை எழுதியிருந்தால் தப்பு போட்டிருப்பேன். போட்டிருப்பேனா? ஐயோ, போட்டேனா?

இவர் பல் துலக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் வாய் நிறைய நுரையோடுதான் சொல்வார். "பாவம்டி. எழுபத்திரண்டு நாள் முன்னாடியே அவங்கள வேலைக்கு அனுப்பிட்டியே!"

நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எழுபத்திரண்டு நாள் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்திருக்கும். அதை அப்படியே துடைத்துப் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

இன்று சொல்லவில்லை.

ஜனவரி 29, புதன்

பதினொன்றில் எந்தப் பிரிவு வேண்டும் என்று பத்தாம் வகுப்புக்கு விருப்பப் படிவம் கொடுத்தாகிவிட்டது. பிப்ரவரி ஏழாம் தேதி திரும்ப வாங்க வேண்டும். இதுவரை வாய்ப்பேச்சில் ஒன்பது பேர் தேறுகிறார்கள். இந்த நேரத்தில் போய் 'உங்கள் டீச்சருக்கு எண்ணக்கூடத் தெரியாது' என்று பலகையில் எழுதவா? படிவம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பத்து நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

இப்படி எழுதும்போதே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கொட்டாவி இப்போதெல்லாம் கொட்டாவி விடுவதில்லை. நான் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறாள். தலையே நிமிர்வதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பதினொன்று.

பதினைந்துக்குப் பதினொன்று. தலைமையாசிரியை அம்மா என் தோளைத் தட்டினார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மற்றப் பிரிவுப் படிவங்களையும் அடுக்கிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவளுடையது வணிகவியல் கட்டில் இருந்தது. 'வணிகவியல்' என்ற சொல்லுக்கு அடியில் தாள் பொசபொசவென்று இருந்தது. அழித்திருக்கிறாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சில் தடம். 'வரலாறு'.

அவள் சேர்ந்திருந்தாலும் பன்னிரண்டுதான். பிரிவை எப்படியும் மூடியிருப்பார்கள். அதைத்தான் பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். என் நிறுத்தம் போனது தெரியாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

பதினெட்டு வருடமாக ஒருத்தியைத் தேடினேன் இல்லையா? வந்தாள். கை தூக்கினாள். நான்தான் உட்கார வைத்தேன். இனி யாரும் என்னிடம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஆரம்பிக்க வேண்டாம். நானும் ஆரம்பிக்க மாட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பலகையில் பெரிதாக 91 என்று எழுதினேன். "நான் சொன்னது தப்பு. புத்தகம்தான் சரி. போன மாதம் கடைசி பெஞ்சிலிருந்து கேட்ட கேள்வி சரியான கேள்வி" என்றேன். எப்போது கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை.

முதல் வரிசைப் பையன் எழுந்தான். "டீச்சர், அப்ப பரீட்சைக்கு எதை எழுதறது? ரெண்டும் போட்டுடலாமா?"

அவளைப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று என்று நோட்டில் திருத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

பொதுத்தேர்வு. வேலைநிறுத்தம் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

நூலகம். சாவியைக் காவலாளிதான் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவருடைய சைக்கிள் பூட்டுச் சாவியோடு சேர்ந்து கிடந்ததாம். நான்கு மர பீரோ, ஒரு நீள மேசை, ஓடாத சுவர்க் கடிகாரம். ஒன்று முதல் நானூறுவரை வரிசை எண் ஒட்டினேன். வரலாறு எண்பத்தாறு புத்தகம். அதில் எழுபது தாள்கூடப் பிரிக்காதவை.

மாடியில் பழைய வரலாற்று வகுப்பில் இப்போது வணிகவியல் நடக்கிறது. அந்த ஆசிரியருக்கு வெண்கலக் குரல், கீழேவரை கேட்கிறது. அந்த அறையின் மூன்றாவது ஜன்னல் கொக்கி சரியாக மாட்டாது, காற்றடித்தால் அடித்துக்கொள்ளும். அதை யாராவது கயிறு போட்டுக் கட்டினார்களா என்று தெரியவில்லை. மேலே ஏறிப் பார்க்கத் தோன்றுகிறது. போகவில்லை.

ஜூன் 18, புதன்

மதிய இடைவேளையில் அவள் வந்தாள். புத்தகம் எடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று பதிவேட்டைத் திறந்தேன். பீரோ பக்கம் போகவே இல்லை. மேசை எதிரில் வந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமா டீச்சர்?"

"கேளு."

"தொண்ணூத்தியொண்ணுன்னு நீங்க எப்ப எண்ணிப் பாத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "நீ கேட்டதுக்கு மறுநாள் காலையிலயே" என்றேன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கினாள். "ஜனவரி இருபத்திரண்டு. நாங்க ஃபார்ம் குடுத்தது பிப்ரவரி ஏழு." இன்னொரு முறை மடக்கிச் சரிபார்த்தாள். "பதினாறு நாள் தெரிஞ்சே சும்மா இருந்திருக்கீங்க."

"ஆமா."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தாள். தண்டிக்க வந்தவள் மாதிரி இல்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்று வந்தவள் மாதிரி இருந்தாள்.

"ஏன் டீச்சர்?"

மணி அடித்தது. மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவள் வகுப்புக்குப் போகவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.