பக்கத்தில் நின்ற கார்

அன்புள்ள அனுசியாவுக்கு,

நான் சுகம். உனக்குச் சர்க்கரை குறைந்ததா? பீச் ரோட்டில் நடக்கப் போனால், "தெரிஞ்சவுக எல்லாம் ஸ்கூட்டிய நிறுத்தி, 'ஏறுங்க மைனி'ங்காவ. நடக்கவே விடமாட்டேங்காவ" என்று போனில் அலுத்துக்கொண்டாய்.

நேற்று சார்ஜாவில் பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் நடந்தேன். பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. தூத்துக்குடிப் பழக்கத்தில் கதவைத் திறந்து உட்கார்ந்தேவிட்டேன். அந்த மனிதர் போன் பேசத்தான் நிறுத்தியிருக்கிறார்; பயந்துபோனார். மன்னிப்புக் கேட்டு இறங்கி, மீதி தூரமும் நடந்தேன். நீ சிரிப்பாய்.

என் அறையில் தங்கியிருக்கும் பேச்சிமுத்து விடுப்பில் ஊருக்கு வருகிறான். திரும்பும்போது அவனிடம் என் பழைய தோல்செருப்பைக் கொடுத்துவிடு. இங்கே வாங்கியது கடிக்கிறது.

இந்தக் கடிதத்தை வைக்க அவன் பெட்டியைத் திறந்தபடி காத்திருக்கிறான். யாராவது நிறுத்திக் கூப்பிட்டால் அலுத்துக்கொள்ளாமல் ஏறிக்கொள். நடையை நாளைக்கு நடந்துகொள்ளலாம்.

லிங்கராஜ்