உன் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகள்

என் அருமை மச்சி பஸ்லியாவுக்கு,

முதலில் ஸலாம். நீ இருக்கிற இடம் உனக்கு விசாலமாகவும் வெளிச்சமாகவும் இருக்கட்டும்.

பிள்ளைகள் இரசாயனவியல் பரீட்சையை எழுதி முடித்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால் என் ஸலாமுக்குப் பதில் சொல்ல முன்னமே அதைத்தான் கேட்டிருப்பாய். அதனால்தான் அதை முதலில் சொல்கிறேன். மற்றதை ஆறுதலாகச் சொல்கிறேன். களைத்துப் போயிருக்கிறேன், மச்சி. இதை எழுதத் தொடங்கி, பேனையைக் கையில் பிடித்தபடியே ஒருதரம் நித்திரையாகிப் போனேன்.

இந்தக் கடிதத்தைப் பழைய மாணவர் சங்கத்தின் மலரில் போடப் போவதாக யூட் சொல்கிறான். போடட்டும். ஊருக்குத் தெரியாத எதுவும் இதில் இல்லை. உனக்குத்தான் தெரியாது.

நீ மௌத்தாகி, வந்த சனமெல்லாம் திரும்பிப் போன பிறகு, பள்ளிக்கூடத்தில் உன் கதிரை வெறுமையாகவே கிடந்தது. சிலாவத்துறைக்கு வந்து இரசாயனவியல் படிப்பிக்கிறேன் என்று ஒருவரும் வரவில்லை. அதிபர் கல்விக் கந்தோருக்கு நடையாய் நடந்தார். கடைசியில் அங்கே ஒருவர் கேட்டாராம்: "பிள்ளைகளும் கொஞ்சப் பேர்தான், டீச்சரும் இல்லை. விஞ்ஞானப் பிரிவை மூடிப்போட்டு அவையள மன்னார் டவுனுக்கு அனுப்பினால் என்ன?"

அனுப்பினால் என்ன ஆகும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். முசலியின் உள்ளூர்களிலிருந்து எந்த வாப்பா தன் மகளை விடிய முன்னம் பஸ் ஏற்றி டவுனுக்கு அனுப்புவார்? பொடியன்கள் எப்படியோ போவார்கள். பெண் பிள்ளைகள் வீட்டோடு நிற்பார்கள். யுத்தம் முடிந்து புத்தளத்து அகதி முகாமிலிருந்து திரும்பிக் குடியேறின புதிதில், தகரக் கொட்டிலுக்குள் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆட்கள் நாங்கள். அன்றைக்கு எங்களுக்கும் டவுன்தான் என்று சொல்லியிருந்தால் நீ டீச்சராகியிருப்பாயா? நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்திருப்பேனா?

சங்கத்தின் கூட்டம் வட்ஸ்அப்பில்தான் நடந்தது. பாதிப் பேர் கட்டாரில், மிச்சப் பேர் கொழும்பிலும் லண்டனிலும். செயலாளர் என்ற உன் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. தலைவர் உன் கணவரும் என் கூடப்பிறந்தவருமான நவாஸ் நானாதான். ஆனால் அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. பள்ளிக்கூட வாசலில் உன் பெயரில் ஒரு வளைவு கட்ட வேண்டும் என்று ஒருவர் தொடங்கினார். சீமெந்தா இரும்பா, எழுத்து எந்த நிறம் என்று கிழமைக்கணக்காகப் பேசினார்கள். உன் மேல் உள்ள பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

"வளைவுக்குள்ளால நடந்து போறதுக்கு முதல்ல பிள்ளைகள் வேணுமே" என்று எழுதினேன்.

பிறகு யூட் எழுதினான்: "சனிக்கிழமையில நான் வாறன். கணக்கு வாற பகுதியெல்லாம் நான் பாக்கிறன். மிச்சம் ஆர்?"

யூட்டை நீ மறந்திருக்க மாட்டாய். பக்கத்து ஊர் அரிப்பிலிருந்து சைக்கிளில் வந்து எங்களோடு படித்தவன், இப்போது நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. ஞாயிறு பூசை, மற்ற நாளெல்லாம் குளமும் வாய்க்காலும் என்று ஓடித் திரிகிறவனுக்கு இருந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான். கட்டாரில் இருக்கும் ரிஸ்வி, சேதன இரசாயனத்தைப் போனில் படிப்பிக்கிறேன் என்றான். சிக்னல் அறுந்தால் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்கு ஓடுவார்கள். அங்கே நின்று அவன் சொல்வதைக் கேட்டு, ஒருத்தி மற்றவளின் முதுகில் கொப்பியை வைத்து எழுதுவாள்.

மிச்சம் எல்லாம் நான். எனக்குப் படிப்பிக்கத் தெரியாது, மச்சி. இரவு டியூட்டி முடித்து, மன்னாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குள் போவேன். ஒரு பாடம் முடிய முன்னமே தொண்டை அடைத்துவிடும். நாள் முழுக்க நின்றுகொண்டு நீ எப்படிப் பேசினாய்? அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்ச் சமைத்தும் இருக்கிறாய். அந்தக் களைப்பை எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லையே. நோயின் களைப்பும் அதற்குள் ஒளிந்திருந்ததா? உன் இரத்தத்தை ஆய்வுகூடத்தில் முதலில் பார்த்தவள் நான். இன்றைக்கும் அந்த மேசைக்கு முன்னால் இருக்கிற போதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நவாஸ் நானா பள்ளிக்கூடப் பக்கம் வரவே இல்லை. கடைக்குப் போவதென்றால்கூடக் கடற்கரைப் பக்கத்தால் சுற்றித்தான் போவார். ஒருநாள் உங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "நானா, ஒரு தரம் வந்து பிள்ளைகளோட கதைச்சிட்டுப் போங்கோ."

"என்னால ஏலாது தங்கச்சி" என்றார். "அந்தக் கேற்றைக் கண்டாலே கால் வருகுதில்லை."

இப்படியே பரீட்சைக் காலம் வந்தது. சில பாடங்கள் முடிந்தன. இரசாயனவியலுக்கு இன்னும் நாள் இருந்தது. அப்போதுதான் மழை தொடங்கியது. நாங்கள் கண்ட மழையெல்லாம் மழையே இல்லை. குளங்கள் மேவி வழிந்தன, ஆறு வயலுக்குள் வந்தது, ரோட்டு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. பரீட்சையை இடையில் நிறுத்தி, மறு அறிவித்தல் வரும் என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலருக்குப் போவதற்கு வீடும் இருக்கவில்லை. பள்ளிக்கூடமே அகதி முகாமாகிப் போனது. நாங்கள் பிறந்து வளர்ந்த வாழ்க்கையைத் திரும்பவும் பார்த்த மாதிரி இருந்தது, மச்சி. அதே பாய், அதே சாப்பாட்டு வரிசை, அதே அழுகிற குழந்தைகள்.

அன்றைக்குத்தான் நவாஸ் நானா வந்தார். பள்ளிவாசல் ஆட்களோடு சோற்றுக் கிடாரத்தை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீருக்குள்ளால் அந்தக் கேற்றைத் தாண்டி வந்தார். வந்த கையோடு சோறு போட்டார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு உன் ஆய்வுகூடத்து வாசலில் போய் நின்றதைக் கண்டேன். உள்ளே சேறு. அலுமாரி ஒன்று குப்புற விழுந்து கிடந்தது. கண்ணாடிச் சாமான்கள் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன.

நான் கிட்டப் போனேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "உடைஞ்ச போத்தல்களுக்குள்ள என்ன இருந்தது எண்டு உனக்குத் தெரியும்தானே. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது எண்டு சொல்லு" என்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். மழை விட்ட பிறகும் ஒவ்வொரு நாளும் வந்தார். சேற்றை அள்ளி, கழுவி, தப்பின குழாய்களைத் துணியில் துடைத்து வெயிலில் அடுக்கினார். ஒரு நாளும் உன்னைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த நேரம் ஸஹ்லா வந்தாள். உன் வகுப்பில் முன்வரிசையில் இருந்து கேள்வி கேட்டே உன்னைக் களைக்க வைப்பாளே, அவள்தான். கொண்டச்சி ஊருக்கு உள்ளே அவர்களுடைய வீடு இடிந்துவிட்டது. புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. "டீச்சர், நாங்க புத்தளத்துக்குப் போறம். பெரியவாப்பாட வீட்டை. நான் இனி எழுதமாட்டன்" என்றாள். என்னை டீச்சர் என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

அவளுடைய வாப்பாவைத் தேடிப் போனோம், நானும் யூட்டும் நவாஸ் நானாவும். முகாமின் கடைசி வகுப்பறையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வயல் முழுக்க மணல் ஏறிவிட்டது என்று தானாகவே சொன்னார்.

"பரீட்சை திரும்ப வைக்கப் போறாங்கள்" என்றான் யூட். "அதுமட்டும் பிள்ளையை விட்டிட்டுப் போங்கோ."

"எங்க விடுறது தம்பி? இந்தச் சனத்துக்குள்ளயா? வீடிருந்தா விடமாட்டனா?"

நவாஸ் நானா சொன்னார்: "என்ர வீடு இருக்கு."

அந்த மனுஷன் சுருட்டிய பாயைக் கீழே வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "குறை நினைக்காதீங்கோ. பொம்பிளை இல்லாத வீடு. குமர்ப்பிள்ளையை எப்பிடி விடுறது?"

நானாவின் முகம் மாறியது. பொம்பிளை இல்லாத வீடு என்று அவர் முகத்துக்கு நேரே ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. ஆனால் குரல் மாறவில்லை. "நானும் மகளும் உம்மாட வீட்டுக்குப் போறம். சாவி ஸுஹைராட கையில. அவளும் அங்கதான் நிப்பாள். தூர இடத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒண்டா இருந்து படிக்கட்டும்."

நான் அங்கேதான் நிற்பேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் லீவுக்கு யாரிடம் கெஞ்சுவது என்று யோசித்துக்கொண்டே, "ஓம், நான் நிப்பன்" என்றேன்.

அப்படித்தான் பிள்ளைகள் உன் வீட்டுக்கு வந்தார்கள். உன் மண்டபத்தில் பாய் விரித்தார்கள். உன் குசினியில் பிளேன்டீ ஊற்றினார்கள். உன் உடுப்பு அலுமாரியை மட்டும் ஒருவரும் திறக்கவில்லை. நான் சொல்லவில்லை, அவர்களாகவே திறக்கவில்லை. எங்களோடு படித்த பெண்கள் முறை வைத்துச் சமைத்து அனுப்பினார்கள். கொழும்பில் இருப்பவர்கள் பழைய பாடப் புத்தகங்களைத் தேடி பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். வளைவைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஆள்தான் அதில் எல்லாரையும் விடக் கூட ஓடித் திரிந்தவர். கிடைத்த லீவு போதாமல், நான் டியூட்டிக்கும் போய் வந்தேன். அந்த நேரங்களில் என் உம்மா வந்து பிள்ளைகளோடு இருந்தா.

எல்லாம் சந்தோஷமாக நடந்தது என்று நினைத்துவிடாதே. கரண்ட் போகும். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் சமன்பாடு ஒன்றை நானே பிழையாகப் படிப்பித்து, யூட் வந்து திருத்தினான். எனக்கு அழுகை வந்தது. "நான் பஸ்லியா இல்லை" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். "நானும் இல்லைத்தான். ஆனா நாளைக்கும் பாடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழித்தான்.

பின்னேரங்களில் உன் மகள் ஹனியா வருவாள். தன் வீட்டில் இத்தனை ராத்தாமாரைக் கண்டு அவளுக்குப் புதினம். ஒருநாள் ஸஹ்லாவிடம் கேட்டாள்: "உங்கட டீச்சர் ஆரு, மாமியா?"

"மாமி இப்பதான் வந்தவ" என்றாள் ஸஹ்லா. "எங்கட டீச்சர் உங்கட உம்மா."

ஹனியா ஸஹ்லாவின் கொப்பியை வாங்கி, அதில் உன் சிவப்புப் பேனைத் திருத்தம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள். புதுக் கொப்பி, மச்சி. பழையதெல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஸஹ்லாதான் அவளை மடியில் இருத்தி, நீ வகுப்பில் எப்படி நிற்பாய், எப்படி ஏசுவாய், ஏசிவிட்டு எப்படிச் சிரிப்பாய் என்று செய்து காட்டினாள். நவாஸ் நானா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

பரீட்சை திரும்ப வைத்தார்கள். எல்லாரும் எழுதினார்கள். ஒருத்தரும் வராமல் விடவில்லை. கடைசிக் கேள்விக்கு நேரம் காணவில்லை என்று ஸஹ்லா அழுதாள். பெறுபேறு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. உன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பிரிவை இன்னொரு வருடம் பார்ப்பம் என்றுதான் கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்பம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை எப்படி ஓட்டுவது?

பரீட்சை முடிந்த அன்றைக்கு ஸஹ்லாவைக் கூட்டிப் போக வாப்பா வந்திருந்தார். கூடவே அவளுடைய தங்கச்சி. வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை மேலும் கீழும் பார்த்தபடி நின்றாள்.

"நாங்க ஊருக்கே திரும்பி வாறம். இவள் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போறாள்" என்றார் அவர். "அதுக்குப் பிறகு இவளையும் இஞ்ச எடுப்பீங்களோ?"

டீச்சர் இல்லை என்று சொல்ல நினைத்தேன். எனக்கு ஏலாமல் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அது முழுக்க உண்மை, மச்சி. "ஓம், கூட்டிக்கொண்டு வாங்கோ. இப்பவே சனிக்கிழமையில அனுப்புங்கோ, அத்திவாரம் போடலாம்" என்று வாய் சொல்லிவிட்டது.

அதனால் உனக்குப் பெரிய வாக்கு ஒன்றும் தர மாட்டேன். சாகும்வரை பார்ப்பேன் என்றெல்லாம் சொல்ல என் உடம்பு இடம் தராது. இந்த வருடம் பார்க்கிறேன். யூட்டும் சரி என்றுவிட்டான். ரிஸ்வி லீவில் வந்து நிற்கும் நாட்களில் நேரே வந்து படிப்பிப்பானாம். நவாஸ் நானா ஆய்வுகூடத்துக்குப் புதுக் கதவு போடுகிறார். அடுத்த வருடத்தை அடுத்த வருடம் பேசுவோம்.

அந்தத் தங்கச்சியின் பெயரை நான் இன்னும் கேட்கவில்லை. வாற சனிக்கிழமை கேட்கிறேன்.

உனக்கு மச்சியும் உன் ஹனியாவுக்கு மாமியுமான,
ஸுஹைரா