இரண்டாம் தொட்டிக்கும் ஒரு பிடி

வீட்டுக்காரம்மாவுக்கு, உன் வீட்டுக்காரன் பணிவாக எழுதுவது. நான் சுகம். அங்கே நீங்கள் எல்லோரும் எப்படி? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பயப்படாதே, வேலை போகவில்லை. என் பொறுப்பில் இரண்டு மீன் தொட்டிகள். முதல் தொட்டிக்குப் பூண்டும் முருங்கையிலைப் பொடியும் கலந்த தீவனம், இரண்டாவதற்கு வெறும் தீவனம். மூன்று மாதத்தில் எது நன்றாக வளர்கிறது என்று பார்க்கவேண்டும். ஆனால் நான் பக்கத்தில் போனாலே இரண்டாம் தொட்டி மீன்கள் வாயைத் திறந்துகொண்டு வந்துவிடும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா? மனசு கேட்கவில்லை. தினமும் அதற்கும் ஒரு பிடி பூண்டுத் தீவனம் போட்டுவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்து நேற்று நிறுத்துப் பார்த்தால் இரண்டு தொட்டியும் ஒரே எடை. ஆராய்ச்சி மேடம் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"பாவம் பாக்கவாப்பா உன்னை வேலைக்கு வெச்சோம்? போ, முதல்லேருந்து ஆரம்பி."

முதலிலிருந்து என்றால் இன்னும் மூன்று மாதம். என் லீவும் அதற்கப்புறம்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை.

ஒரு வேலை செய். பாப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சியிலிருந்து பாதம்வரை நூல்பிடித்து அளந்து, அந்த நூலை உறையில் வைத்து அனுப்பு. போனில் எவ்வளவு பார்த்தாலும் உயரம் தெரியமாட்டேன் என்கிறது. எண்ணூறு மீன் எவ்வளவு வளர்ந்தது என்று கேள், தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

தீவன நேரம், ஓடுகிறேன். அளக்கும்போது குதிகாலைத் தூக்கி ஏமாற்றுவாள், பார்த்துக்கொள்.

பாப்பாவின் அப்பா