அக்டோபரில் வைத்த தீ

கேன்சஸ்,
அக்டோபர், செவ்வாய்.

அன்பு மகள் ஜானெலுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம், வீடும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா மேட்டுப் புல்வெளியைக் கொளுத்திவிட்டார். நேற்று. அக்டோபரில்.

இந்த வருடம் மழை நன்றாகப் பெய்து, புல் அவர் தலைக்கு மேல் நின்றது. செம்பழுப்பாகக் காய்ந்து, பனிக்காலம் முழுக்க மாடுகள் மேய வேண்டிய புல். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். புகையைப் பார்த்ததும் எவனோ சிகரெட்டைப் போட்டுவிட்டான் என்று திட்டிக்கொண்டே ஓடினேன். போய்ப் பார்த்தால் உன் அப்பா! எண்ணெய் சொட்டும் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடக்கிறார்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. காற்றைப் பார்த்திருக்கிறார். காற்று போகும் பக்கத்து ஓரத்தை முதலில் எரித்து, தீ தாண்டாதபடி கரி வரப்பு போட்டிருக்கிறார். வேலியோரம் தண்ணீர் தெளித்திருக்கிறார். மாடுகளைக்கூட ஓடைக்கு அந்தப் பக்கம் விரட்டியிருக்கிறார். மாதம் ஒன்றுதான் தப்பு; புதுப்புல் தழைக்க நாம் கொளுத்துவது ஏப்ரலில்.

பக்கத்துப் பண்ணை டுவைட் தண்ணீர் வண்டியோடு பறந்து வந்தான். அப்பா அவனையே கடிந்துகொண்டார்.

"ஏன்டா, ஏப்ரல் வந்தா என்கூட வந்து நிக்கணும்னு தெரியாதா? ஒத்தை ஆளா எவ்வளவு நேரம்டா பாக்கிறது?"

எதற்கும் எதிர்வாதம் பேசுகிற டுவைட் தொப்பியைக் கழற்றினான். "மன்னிச்சுக்குங்க வெர்லின், தூங்கிட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னான். அப்போதுதான், அப்பா மனதில் இது நிஜமாகவே ஏப்ரல் என்று எனக்குப் புரிந்தது.

நம் மாடுகளைத் தன் நிலத்தில் மேய விடச் சொல்லிவிட்டான், நல்ல பிள்ளை. பந்தத்தையும் வண்டிச் சாவியையும் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதரிடமே ஒளிக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை ஜன்னலோரம் நின்று கருகிய மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் பச்சை வந்துவிடும் என்றார். வராது. பனி கொட்டி, உருகி, வசந்தம் பிறந்தால்தான் வரும். பிறகு நீ எப்போது வருவாய் என்று கேட்டார். எப்போதும்போல் ஏப்ரலில், புல் கொளுத்தும்போது வருவாள் என்றேன்.

"இதுதானே ஏப்ரல், இன்னும் புள்ளையைக் காணோமே" என்றார்.

ஜானெல், வேலையில் எப்படியாவது சொல்லிக்கொண்டு கிளம்பி வா. வந்ததும் அவரைத் திருத்தாதே. தீ வைக்கிற அன்றைக்கு வருவாயே, அதேபோல் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வா.

கர்த்தர் வழி முழுக்க உன்னைக் காக்கட்டும். இது ஏப்ரல் என்றே வைத்துக்கொள்.

வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா